தெளிவு மட்டும் கொடுக்கலாம்

1. கொட்டைகள்

சிறுநீரகப் பிரிவில் காலைச் சுற்று முடியும் வேளையில் லாம் அம்மையாரைச் சக்கரப் படுக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தனர். எண்பது வயதை நெருங்கிய சீன மூதாட்டி. தென்சீனத்திலிருந்து மகனுடன் வாழத் துபாய்க்கு வந்தவர். கான்டனீஸ் தவிர வேறு மொழி அறியாதவர். வாரத்தில் மும்முறை எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொள்பவர். அன்று அவருடைய குருதியில் பொட்டாசியம் வரம்பைக் கடந்து ஏறியிருந்தது. ஈசிஜி தாளில் அலைகள் கூடாரங்களைப் போலக் கூர்த்து நின்றன. அவ்வலைகள் இன்னும் சற்று உயர்ந்தால் இதயம் நின்றுவிடும் என்பதை அந்தப் பிரிவில் பணிபுரியும் அனைவரும் அறிவோம்.

சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலிலிருந்து பொட்டாசியம் எளிதில் வெளியேறாது. எனவே அது உள்ளே செல்வதைக் குறைத்தாக வேண்டும். வாழைப்பழம், பேரீச்சை, இளநீர், உருளைக்கிழங்கு எனப் பலவற்றையும் விலக்கி, எஞ்சியவற்றைக் கொண்டு ஒருவர் உயிர்வாழும்படி டயட் ஷீட் எழுதித் தருவதே உணவியலாளராகிய என் பணி. அம்மையாருக்கும் எழுதித் தந்திருந்தேன். ஆயினும் அவர் இவ்வாறு அவசரமாகக் கொண்டுவரப்படுவது இது முதன்முறையன்று.

படுக்கையை உள்ளே கொண்டுசென்றபின் தாழ்வாரத்தில் நால்வர் நின்றோம். மருத்துவர் சுந்தரம் சென்னையைச் சேர்ந்தவர், பிரிவின் தலைவர். திரு. லாம் அம்மையாரின் மகன், மின்விளக்குகளை இறக்குமதி செய்யும் வணிகர். ஜெசிந்தா அவர்கள் வீட்டுப் பணிப்பெண், இலங்கையின் வவுனியாவைச் சேர்ந்தவர். நான்காமவள் நான்.

லாம் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைத்துடைப்பை எடுத்து விரித்தார். உள்ளே நீண்டு மெலிந்த பழக்கொட்டைகள் சில இருந்தன.

"சமையலறைக் குப்பைத்தொட்டியில் கிடந்தன," என்று ஆங்கிலத்தில் கூறினார். "என் அம்மாவுக்கு இவள் பேரீச்சம்பழம் தருகிறாள்."

மருத்துவர் ஜெசிந்தாவை நோக்கித் திரும்பினார். "என்னம்மா இது?"

"அது பேரீச்சம்பழம் இல்லை சார். சீனாக்காரர்ட சிவப்பு இலந்தை. சூப்புக்குப் போடுறது. கொட்டை சூடு எண்டு போ-போ சொல்லுவா. அதால கொட்டையை எடுத்துப்போட்டுத்தான் போடோணும்." போ-போ என்பது அம்மையாரை அவர் அழைக்கும் பெயர். அம்மொழியில் பாட்டி என்று பொருள்.

"அப்ப பழத்த அவங்க சாப்பிடறாங்க?"

"ஐயோ, மூண்டு மணித்தியாலம் அவிஞ்ச பழத்தை ஆர் சார் சாப்பிடுறது? இறைச்சி, கிழங்கு, பழம் எல்லாம் குப்பைக்குத்தான். அவா தண்ணி மட்டும் குடிப்பா. தெளிஞ்ச தண்ணி. நீங்கள் சொன்னபடியால் உப்பும் போடுறேல்லை."

"தெளிவு மட்டும்தானே? அத நான்தான் குடுக்கலாம்னேன்." மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நம்ம வீட்ல காய்ச்சல்காரங்களுக்கு ரசத் தெளிவு ஊத்தற மாதிரி. அதுல என்ன இருக்கு மேடம், தண்ணிதான? வேற ஏதோ உள்ள போகுது. இந்தம்மா பாவம் பாத்து எதையோ ஊட்டி விடறாங்க. இவங்களுக்கு இரக்கம், நமக்கு எமர்ஜென்சி."

தமிழில் நடந்த இவ்வுரையாடல் லாமுக்கு விளங்கவில்லை. மருத்துவரின் முகக்குறிப்பு விளங்கியது. அடுத்த வாரக் குருதிச் சோதனையிலும் இதே நிலை இருந்தால் காவல் நிலையத்தில் முறையிட்டுவிட்டு ஜெசிந்தாவை நாட்டுக்கு அனுப்பிவிடப் போவதாகக் கூறினார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஜெசிந்தாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

2. சூப்பைத் தவிர வேறொன்றுமில்லை

ஜெசிந்தாவை என் அறைக்கு அழைத்து அமரச் சொன்னேன். அமராமல் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"மிஸ், கடவுளாணை நான் ஒண்டும் களவாக் குடுக்கேல்லை. என்ர மகள் அங்க நர்சிங் படிக்கிறாள், படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் கிடக்கு. சும்மா போ எண்டாப் போறன். கிழவிக்கு நஞ்சு வைச்சவள் எண்ட பேரோட போனனெண்டா இனி ஆர் என்னை வீட்டுக்குள்ள எடுப்பினம்?"

முறையீடு பதிவானால் மீண்டும் இந்நாட்டுக்குள் வர இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். அண்டை நாடுகளின் கதவுகளும் அத்துடன் சேர்ந்தே மூடும். அதையும் அறிந்திருந்தார்.

அம்மையாரின் வாய்க்குள் காலை முதல் இரவு வரை செல்லும் ஒவ்வொன்றையும் கூறுமாறு கேட்டேன். வெள்ளைச் சோறு, முட்டையின் வெண்கரு, வேகவைத்து நீரை வடித்த கோசு, அளந்த நீர். யாவும் என் டயட் ஷீட்டின்படியே இருந்தன. மறைத்துப் பேசுபவர் எங்கேனும் ஓரிடத்தில் தடுமாறுவார். இவர் தடுமாறவில்லை. எல்லாவற்றையும் நீக்கிய பிறகு சூப் ஒன்றே எஞ்சியது.

அதுவோ நாங்களே ஒப்புக்கொண்ட உணவு. 'தெளிந்த சூப் – ஒரு கிண்ணம்' என்பது மருத்துவமனையின் அச்சிட்ட பட்டியலிலேயே உள்ள வரி. எங்கள் சமையற்கூடத்தில் அப்பெயரில் தருவது மஞ்சள் நிறம் காட்டும் வெந்நீர் மட்டுமே.

"அந்தச் சூப்பை எப்படி வைப்பீர்கள்?" என்று கேட்டேன்.

அப்போதுதான் நாற்காலியில் அமர்ந்தார். "முதலில கோழியை வெட்டிப் பச்சைத் தண்ணியில போட்டுக் கொதிக்க விடோணும் மிஸ். சுடுதண்ணியில போடக்கூடாது. அழுக்கெல்லாம் நுரையா மேல வரும். அதை ஊத்திப்போட்டுக் கழுவோணும். நான் முதல்முதல் கழுவாமல் வைச்சிட்டன். போ-போ ஒரு வாய் குடிச்சா, எழும்பிப் போய் சிங்கில ஊத்தினா, வந்து என்ர காதைப் பிடிச்சு முறுக்கினா. அண்டைக்குத்தான் எங்கள் ரெண்டு பேருக்கும் பாசை விளங்கினது."

"அவர் பேசுவது உங்களுக்கு விளங்குமா?"

"சூப்பு வைக்கிற நேரம் விளங்கும். மற்ற நேரமும் கொஞ்சம் விளங்கும். அந்த வீட்டில அவாவோட கதைக்கிறது நான் ஒராள்தானே. மகன் வர இரவாகும்."

அந்த வீட்டில் அவரை வேலைக்கு அமர்த்தியதே இந்தச் சூப்புக்காகத்தான். மூன்று மணி நேரம் அடுப்பை விட்டு அகலாத ஒருவர் வேண்டும் என்று அம்மையார் மகனிடம் கேட்டிருக்கிறார். நாள்தோறும் இருவரும் அடுக்களையில் இரு முக்காலிகளில் அமர்ந்து பானையைக் காவல் காப்பார்களாம்.

3. எங்கள் அடுக்களையில்

அன்று மாலையே நகரின் சத்வா பகுதிக்குச் சென்றேன். அங்கே கீழக்கரையைச் சேர்ந்த ஒருவர் மளிகைக்கடை நடத்துகிறார். வாடிக்கையாளர் மாற மாற அவருடைய சரக்கும் மாறியது. ஒருபுறம் வற்றல், அப்பளம். மறுபுறம் சீன உலர்பொருள்கள்.

"வாங்கம்மா. என்ன, சீனாக்காரங்க அலமாரிப் பக்கம் நிக்கிறிய? அய்யாவுக்குச் சூப்பா?"

"ஒரு நோயாளி குடிப்பதை நானே செய்து பார்க்க வேண்டும்."

"அப்ப நல்ல சரக்காவே எடுங்க. போன வாரம் நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இந்தச் செவப்பு இலந்தைய வாங்கிட்டுப் போயி வத்தக்குழம்புல போட்டுட்டாரு. மறுநா வந்து என்னைய வைய்யிறாரு, குழம்பு பாயசமாப் போச்சுன்னு."

ஜெசிந்தா சொல்லியிருந்த சிவந்த இலந்தை, உலர்ந்த கணவாய் மீன், காய்ந்த நாரத்தைத் தோல் ஆகியவற்றை அவர் பொட்டலம் கட்டித் தந்தார். தாமரைக்கிழங்கும் முற்றிய கோழியும் வழியில் வாங்கினேன்.

மறுநாள் விடுமுறை. அல் குசைஸ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு அடுக்களையில் சமைக்கத் தொடங்கினேன். ஜெசிந்தா கூறிய முறையில் ஒன்றையும் மாற்றவில்லை. கோழியைத் தண்ணீரில் இட்டுக் கொதி வந்ததும் சாம்பல் நிற நுரையை ஊற்றிக் கழுவினேன். புதுநீர் நிறைய ஊற்றி, வட்டமாக அரிந்த கிழங்கையும், கொட்டை நீக்கிய இலந்தையையும், கணவாயையும், நாரத்தைத் தோலின் சிறு துண்டையும் இட்டேன். முதலில் பெருந்தீயில் கொதிக்கவிட்டுப் பிறகு நீரின் மேற்பரப்பு அசைவதும் தெரியாத அளவுக்குத் தீயைக் குறைத்தேன். இடையில் மூடியைத் திறக்கலாகாது, கரண்டியால் கலக்கலாகாது. கலக்கினால் கலங்கிவிடும்.

"வீடே மருந்துக்கடை மாதிரி மணக்குது," என்றார் என் கணவர் கூடத்திலிருந்து. சற்று நேரம் கழித்து அடுக்களை வாயிலுக்கு வந்து நின்றார். "ஆனா பசிக்குது."

மூடியைத் திறந்தபோது பானையின் அடி தெரிந்தது. தேநீர் நிறத்தில், கண்ணாடியைப் போலத் தெளிந்த நீர். மேலே மிதந்த கொழுப்பை எடுத்துவிட்டு ஒரு வாய் அருந்தினேன். உப்பில்லாமலே அது நிறைவாக இருந்தது. கோழியின் இனிமை, கிழங்கின் மண்மணம், நாரத்தையின் மெல்லிய கசப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தனை ஆண்டுகள் உணவைக் கலோரியாகவும் மில்லிகிராமாகவும் பிரித்தே பழகிய எனக்கு அந்த ஒரு வாய் வியப்பளித்தது.

பின்பு இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து மென்றேன். நனைந்த பஞ்சைப் போலிருந்தது. கிழங்கில் சுவையில்லை. இலந்தை வெறும் தோல்.

கரண்டியுடன் அப்படியே நின்றேன். சிறுநீரக நோயாளிகளுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடம் என்ன? காயை அரிந்து, நிறைய நீரில் வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டுக் காயை உண்ணுங்கள் என்பது. பொட்டாசியம் நீரில் இறங்கிவிடும் என்பதே அதன் காரணம். லீச்சிங் என்பது எங்கள் துறையில் அதன் பெயர். இந்தப் பானையில் நடந்ததும் அதுவே. ஆனால் மூன்று மணி நேரம் நடந்தது. கிழங்கும் இலந்தையும் கணவாயும் தம்மிடம் இருந்த யாவற்றையும் நீரில் இறக்கிவிட்டன. நாங்கள் கொட்டச் சொல்லும் நீரை அவர் அருந்துகிறார். உண்ணச் சொல்லும் சக்கையை அவர் வீட்டில் கொட்டுகிறார்கள்.

நம் வீடுகளில் தெளிவு என்றால் இறுத்த மேல்நீர். காரமும் பருப்பும் அடியில் தங்க, நோயுற்றவருக்கென்று மெல்ல மொண்டு ஊற்றும் மென்மையான பகுதி. தெளிவு என்ற சொல்லே நமக்கு வலிமைக் குறைவைக் குறிக்கும். அவர்கள் வீட்டில் தெளிவு என்பது சமையலின் முடிவு. பானையில் இருந்த அனைத்தும் சேர்ந்த இடம் அது. சென்னையில் பிறந்த மருத்துவருக்கும், கோவையில் பிறந்த எனக்கும், வவுனியாவில் பிறந்த ஜெசிந்தாவுக்கும் அச்சொல் ஒரே பொருளைத் தந்தது. தாழ்வாரத்தில் கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே அதனால்தான் ஒருவருக்கும் உண்மை தெரியவில்லை.

4. பானை கழுவிய நீர்

மறுநாள் மருத்துவரிடம் இதைக் கூறினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"லீச்சிங் பண்ற தண்ணி," என்றார் தமக்குள். "அடக் கடவுளே. ஒரு வாரம் சூப்ப நிறுத்திப் பாருங்க மேடம். வேற எதையும் மாத்த வேண்டாம்."

சூப்பை மட்டும் நிறுத்தினோம். அவ்வார இறுதியில் எடுத்த குருதியில் பொட்டாசியம் வரம்புக்குள் இறங்கியிருந்தது. மருத்துவர் முடிவைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாகிட்ட நீங்களே ஒரு சாரி சொல்லிருங்க," என்றார். "நான் சொன்னா நல்லாருக்காது."

"நீங்கள் சொன்னால்தான் நன்றாக இருக்கும்," என்றேன். அவர் அடுத்த படுக்கைக்குச் சென்றுவிட்டார்.

லாமிடம் நான் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். முறையீட்டுப் பேச்சு அத்துடன் நின்றது. ஜெசிந்தாவிடம் ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்துத் தலை தாழ்த்தினார். தாழ்வாரத்தின் கோடிக்குச் சென்று ஜெசிந்தா அழுதார். அழுகை முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டது ஒன்றே. "அப்ப மிஸ், போ-போவுக்கு இனிச் சூப்பே இல்லையோ?"

அம்மையார் அந்த வாரம் முழுவதும் அரைவயிறுகூட உண்ணவில்லை. சோற்றைச் சூப்பின்றி விழுங்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எனவே விதிகளுக்குள் அடங்கும் ஒரு சூப்பைச் செய்ய முயன்றேன். வெண்பூசணியை மெலிதாக அரிந்து, ஒருமுறை வேகவைத்து நீரைக் கொட்டி, புதுநீரில் இஞ்சியுடன் சிறிது நேரமே கொதிக்கவைத்து, முட்டையின் வெண்கருவை இழையாக ஊற்றினேன். கிழங்கில்லை, இலந்தையில்லை, எலும்பில்லை. குடுவையில் ஊற்றி டயாலிசிஸ் நாற்காலிக்கே கொண்டுசென்றேன்.

ஜெசிந்தா கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அம்மையார் ஒரு வாய் அருந்தினார். கண்ணை மூடினார். பின் கிண்ணத்தை மெல்ல அப்பால் தள்ளிவிட்டு ஏதோ கூறினார்.

"என்ன சொல்கிறார்?"

ஜெசிந்தா தயங்கினார். "நல்லா இருக்காம் மிஸ்."

"உண்மையைச் சொல்லுங்கள்."

"பானை கழுவின தண்ணியாம். நோகாதேங்கோ மிஸ். என்ர சூப்பையும் முதல் வருசம் இப்பிடித்தான் சொன்னவா. பிறகு இன்னொண்டும் சொன்னா."

"அது என்ன?"

"இந்த டொக்டர் மனுசிக்கு நீ சமைக்கப் பழக்கு எண்டு."

நான் சிரித்துவிட்டேன். அம்மையாரும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் கண்டது அன்று ஒருநாள்தான். கிண்ணத்தை அவர் மீண்டும் தொடவில்லை.

5. நன்றியுரை

சில நாள்களுக்குப் பின் லாம் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு பெட்டித் தேயிலை.

"மேடம், நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டேன்," என்று தொடங்கினார். சிறுநீரக நோயாளிகளுக்கென்றே அளந்து சமைத்து வீட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், பகலில் உடனிருக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரை ஏஜென்சி வழியாக அமர்த்தியிருப்பதாகவும் கூறினார். ஒரே பட்டியல், ஒரே அளவு, தவறுக்கே இடமில்லை.

"ஜெசிந்தா?" என்று கேட்டேன்.

"அவள் நல்ல பெண். குறையொன்றுமில்லை. நற்சான்றும் விமானச்சீட்டும் தருகிறேன். ஆனால் அவளை அழைத்தது சூப்புக்காக. இப்போது சூப் கலாஸ், முடிந்துவிட்டது. வீட்டில் இருவருக்கு விசா வைத்திருக்க இயலாது."

"உங்கள் தாயாரோடு பேசுவதற்கு அவரைத் தவிர யாரும் இல்லையே."

"பேச நான் இருக்கிறேன்," என்றார். சற்றுப் பொறுத்து, "இரவில்," என்று சேர்த்துக்கொண்டார். அதில் கடுமை ஒன்றும் இல்லை. தாயின் உயிரைக் காக்க ஒரு மகன் முறையாகச் சிந்தித்து எடுத்த முடிவு அது. நான் தந்த விளக்கத்தின் மீதே அது நின்றது. வேறு வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். ஏஜென்சியிடம் கேட்டுப் பார்ப்பதாகக் கூறினார். கேட்டதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்களிடம் நானே பேசினேன். இரு வீட்டாருமே அண்மையில் வேறொருவரை அமர்த்தியிருந்தனர்.

ஜெசிந்தா விடைபெற வந்தது டயாலிசிஸ் நாளன்று. அம்மையாரின் ஒரு கை இயந்திரத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. மறுகையால் ஜெசிந்தாவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போவதாக அவரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"லீவில போறன் எண்டு சொன்னனான் மிஸ். வந்திடுவன் எண்டும் சொன்னனான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "பழி இல்லாமல் போறன். அது உங்களாலதான். மகளிட்டையும் சொன்னனான். வேலையைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லேல்லை."

அதன்பின் அம்மையார் புதிய செவிலியருடன் வரத் தொடங்கினார். அவர் கேரளத்தைச் சேர்ந்த இளம்பெண். கனிவும் திறமையும் உடையவர். உணவுப் பெட்டிகளை உரிய நேரத்தில் சூடாக்கித் தந்தார். அம்மையார் இரண்டு கரண்டி உண்டு மூடிவிடுவார். பொட்டாசியம் ஒருமுறையும் ஏறவில்லை. எடை மட்டும் மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. காலைச் சுற்றில் மருத்துவர் சுந்தரம் தாளைப் பார்த்து, "நம்பர்ஸ் எல்லாம் சூப்பர்," என்பார். எடையைச் சுட்டிக்காட்டுவேன். "வயசாயிருச்சு மேடம்," என்பார். அதுவும் பொய்யன்று. அடுத்த குளிர்காலத்திற்குமுன் அம்மையார் உறக்கத்தில் இறந்தார். கோப்பில் மரணத்திற்கு எழுதிய காரணங்களில் பொட்டாசியம் இல்லை.

இத்துறைக்கு வரும் இளையோருக்கு ஒன்றைக் கூற விரும்புகிறேன். ஓர் உணவை நீக்குவது எளிது. பட்டியலில் ஒரு கோடு இழுத்தால் போதும், பெரும்பாலும் அக்கோடு சரியாகவே இருக்கும். நான் இழுத்ததும் சரியான கோடே. இன்றும் அதையே இழுப்பேன். ஆனால் இழுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உணவைச் சமைப்பவர் யார்? அது கொதிக்கும் நேரத்தில் அருகில் அமர்ந்திருப்பவர் யார்? விடை கிடைத்ததும், மாற்று உணவைப் பற்றி வீட்டாரிடம் பேசும் அதே அமர்வில் அவ்விருவரைப் பற்றியும் பேசிவிடுங்கள். பிறகு பேசலாம் என்று நான் விட்டேன். பிறகு வந்தபோது லாமின் கையில் தேயிலைப் பெட்டி இருந்தது, முடிவு எடுக்கப்பட்டிருந்தது, எனக்கு நன்றி கூறவே வந்திருந்தார்.